நிலமளந்த லாம்டன்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையத்திற்குச் செல்லும் பெருவழியில் பெரியநாயக்கன்பாளையம் என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூரில் நின்று மேற்றிசையை நோக்கின், வானளாவிய மதில்போல மலைகள் வரிசையாக எழுந்து நிற்பதைக் காணலாம். அரங்கநாதர் கோயில் கொண்டுள்ள பாலமலையும், குருடிமலையும் அவ்வரிசையைச் சார்ந்தவை. கார்காலத்தில் அவற்றின் முகடுகளில் முகில் தவழ்வது கண்கொள்ளாக் காட்சியாகும். அப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக அம்மலைகளைத் தம் முன்னோர் இட்ட பெயர்களாலேயே அழைத்து வருகின்றனர். ஆயினும், பழைய ஆங்கில நிலப்படங்களைப் பிரித்துப் பார்ப்போர், அம்மலைத் தொடரின்மீது வேறொரு பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு வியப்படைவர். லாம்டன் முடி என்பது அப்பெயர்.

லாம்டன் என்பவர் யார்? கடல் கடந்து வந்த ஒருவரின் பெயர் கொங்குநாட்டு மலையின்மீது ஏறியது எவ்வாறு? உலகில் மிக உயர்ந்த மலைமுடி வேறொருவர் பெயரைத் தாங்கி நிற்பதற்கும் இவருக்கும் உள்ள தொடர்பு யாது? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், அரை நூற்றாண்டுக் காலம் சங்கிலியும் தொலைநோக்கியும் கொண்டு இந்நிலத்தை அளந்த வரலாற்றையும், அதனைத் தொடங்கி வைத்தவரின் வாழ்க்கையையும் நாம் அறிதல் வேண்டும்.

இளமை

வில்லியம் லாம்டன் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் வடபால் உள்ள யார்க்ஷயர் என்னும் பகுதியில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். செல்வமோ செல்வாக்கோ அவருக்குத் துணையாக அமையவில்லை. கணக்கில் அவருக்கிருந்த கூர்மையான அறிவே அவருடைய முதற்செல்வமாகும். சார்லஸ் ஹட்டன் என்னும் கணிதப் பேரறிஞரிடம் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பிற்காலத்தில் மலைகளையும் சமவெளிகளையும் எண்களாக மாற்றிய அவருடைய ஆற்றலுக்கு இக்கல்வியே அடிப்படையாயிற்று.

1781 ஆம் ஆண்டில் லாம்டன் ஆங்கிலேயப் படையில் சேர்ந்து, 33 ஆம் அணியில் பணியாற்றினார். அப்போது அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலை வேண்டிப் போரிட்டுக் கொண்டிருந்தன. அப்போர் முடிந்தபின் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் அவர் பல ஆண்டுகள் தங்கினார். எல்லைகளை வரையறுக்கும் நில அளவைப் பணியிலும், படைவீரர் குடியிருப்புகளைக் கண்காணிக்கும் பணியிலும் அவர் ஈடுபட்டார். ஓய்வு கிடைத்த பொழுதெல்லாம் வானநூலையும் கணித நூல்களையும் தாமே ஆழ்ந்து கற்றார். கதிரவன் மறைப்பு ஒன்றைத் தக்க காப்பின்றி நோக்கியதால் ஒரு கண்ணின் ஒளியையும் இழந்தார் என்பர். எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டே பின்னாளில் அவர் ஒரு பெருநாட்டை அளந்தார் என்பது நினைக்குந்தோறும் வியப்பளிப்பதாகும்.

இந்தியா வருகை

தம் படையணி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதை அடுத்து, லாம்டனும் இந்நாட்டிற்கு வந்து சேர்ந்தார். அவ்வணியின் தலைவர் ஆர்தர் வெல்லஸ்லி ஆவார். வெல்லிங்டன் பிரபு எனப் பிற்காலத்தில் புகழ்பெற்றவர் அவரே. 1799 ஆம் ஆண்டில் திப்பு சுல்தானை எதிர்த்து நடைபெற்ற போரில் லாம்டன் பங்கு கொண்டார். அப்போரின்போது ஒருநாள் இரவு, தளபதி பேர்டு என்பவரின் தலைமையில் ஒரு படை இருளில் சென்று கொண்டிருந்தது. வானத்தை நோக்கியவாறு சென்ற லாம்டன், படை செல்ல வேண்டிய திசைக்கு நேர்மாறாகப் பகைவரின் பாசறையை நோக்கிச் செல்வதை விண்மீன்களின் நிலையால் உணர்ந்து தளபதிக்கு அறிவித்தார். தளபதி முதலில் அதனை ஏற்கவில்லை. பின்னர்த் திசைகாட்டும் கருவியைப் பார்த்தபோது லாம்டன் கூறியதே உண்மை என்பது புலனாயிற்று. வானத்து மீன்கள் பொய் கூறா என்பதை அப்படையினர் அன்று அறிந்தனர்.

திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கொங்குநாடு முதலிய பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்கு வந்தன. படை நடத்தவும் வரி தண்டவும் அவர்களுக்கு நிலப்படங்கள் தேவைப்பட்டன. அக்காலத்து நிலப்படங்களோ பெரிதும் பிழைபட்டவை. ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே உள்ள தொலைவை, உருண்டு செல்லும் சக்கரத்தின் சுழற்சிகளை எண்ணியோ, நடந்த காலத்தை எண்ணியோ கணக்கிட்டனர். வழி வளையுந்தோறும் பிழையும் வளர்ந்தது. இக்குறையை நீக்கத் தீபகற்பத்தின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை கணித முறையில் அளக்கும் திட்டம் ஒன்றை லாம்டன் சென்னை அரசுக்கு அளித்தார். வெல்லஸ்லியின் பரிந்துரையால் அத்திட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

எனினும், அதன் பயனை அனைவரும் உணர்ந்தார் அல்லர். சீரங்கப்பட்டினத்திற்குச் செல்ல விரும்புவோர் பல்லக்குத் தூக்குவோரின் தலைவனிடம் கூறினாலே போதும், அவன் வழிதவறாது கொண்டு சேர்ப்பான், அதற்கு லாம்டனின் படம் எதற்கு என்று அரசினரில் ஒருவரே எள்ளி நகையாடினார் எனக் கூறுவர். லாம்டன் இத்தகைய ஏளனத்தைப் பொருட்படுத்தவில்லை. ஊருக்கு வழி காண்பது மட்டும் அவருடைய நோக்கமன்று. நாம் வாழும் இப்பூவுலகின் வடிவத்தையே அளந்தறிதல் வேண்டும் என்பது அவருடைய உள்ளத்தில் கனன்றுகொண்டிருந்த வேட்கையாகும்.

முக்கோண அளவை

லாம்டன் மேற்கொண்ட முறைக்கு முக்கோண அளவை என்று பெயர். அதன் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பெரியநாயக்கன்பாளையத்துச் சமவெளியில் ஒரு மைல் நீளமுள்ள நேர்கோட்டைப் பிழையின்றி அளந்து கொள்வதாக வைத்துக் கொள்வோம். அக்கோட்டின் இரு முனைகளிலும் நின்று, மலைமேல் உள்ள ஒரு முடியை நோக்கி, அது கோட்டோடு அமைக்கும் கோணங்களை அளந்து குறித்துக் கொள்ளல் வேண்டும். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்துவிட்டால், ஏனைய இரு பக்கங்களையும் கணக்கிட்டு அறியலாம் அன்றோ? மலைமீது ஏறாமலே அம்முடியின் தொலைவு இவ்வாறு தெரிந்துவிடும். முடியை அண்ணாந்து நோக்கும் கோணத்தையும் அளந்தால், அதன் உயரமும் தெரிந்துவிடும்.

இவ்வாறு கணக்கிட்ட பக்கத்தையே அடுத்த முக்கோணத்திற்கு அடியாகக் கொண்டு, மலைக்கு மலை தாவி, நாடு முழுவதையும் முக்கோணங்களால் பின்னிவிடலாம். ஆனால், முதலில் அளக்கும் அடிக்கோட்டில் ஓர் அங்குலம் பிழை நேரினும், அப்பிழை முக்கோணந்தோறும் பெருகி இறுதியில் அளவு முழுவதையும் கெடுத்துவிடும். ஆதலால், அடிக்கோட்டை அளப்பதில் லாம்டன் காட்டிய கருத்து, நகையிழைக்கும் பொற்கொல்லர் காட்டும் கருத்தை ஒத்திருந்தது.

1800 ஆம் ஆண்டில் பெங்களூருக்கு அருகே அவர் முதல் அடிக்கோட்டை அளந்தார். அதற்குப் பயன்பட்ட எஃகுச் சங்கிலிக்குத் தனி வரலாறு உண்டு. ஆங்கிலேயத் தூதுக் குழுவினர் சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டு சென்ற பொருள்களுள் அதுவும் ஒன்று. பேரரசர் அதனை ஏற்காமையால், அஃது இந்தியாவை வந்தடைந்து லாம்டனின் கைக்குக் கிட்டியது.

1802 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் நாள், சென்னையை அடுத்த பரங்கிமலையின் அருகே மற்றோர் அடிக்கோட்டை அளக்கும் பணி தொடங்கிற்று. கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். சங்கிலியின் நீளமோ நூறு அடி. ஆகவே, அச்சங்கிலியை நானூறு முறை நீட்டி அளக்க வேண்டியிருந்தது. வெயிலில் எஃகு நீளும், குளிரில் சுருங்கும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் அமைத்து நிழல் செய்து, பெட்டிகளில் வெப்பமானிகளை வைத்து, வெப்பத்தின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப நீளத்தைத் திருத்திக் கணக்கிட்டனர். சித்திரை, வைகாசித் திங்களின் கொடிய வெயிலில் நடைபெற்ற அப்பணி, மே 22 ஆம் நாள் முடிவுற்றது.

பெருங்கருவி

கோணங்களை அளப்பதற்குத் தியோடலைட் என்னும் கருவி வேண்டும். லாம்டனுக்காக இலண்டனில் செய்யப்பட்ட கருவி ஏறத்தாழ அரை டன் எடையுடையது. அதன் வட்டத் தகடு மூன்றடி விட்டம் உடையது. அதனை ஏற்றி வந்த கப்பலைப் போர்க்காலத்தில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுத் தீவிற்குக் கொண்டு சென்றனர். பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது, அது போர்க்கருவியன்று, அறிவியற் கருவி என்பது தெரிந்தது. உடனே அங்கிருந்த ஆட்சித் தலைவர் அதனை மீண்டும் கட்டிச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். நாடுகள் பகைமை கொண்டிருந்த காலத்திலும் அறிவுக்குப் பகையில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அப்பெருங்கருவியை ஒவ்வொரு மலைமுகட்டிற்கும் தொழிலாளர் தம் தோளில் சுமந்து ஏற்றினர். காட்டைத் திருத்தி வழி செய்தவரும், தொலைவிலுள்ள குன்றுகளில் கொடி நாட்டிக் காவல் காத்தவரும் அவர்களே. மழைக்குப் பின்னரே வானம் தூசியின்றித் தெளிந்திருக்குமாதலால், காய்ச்சல் மிக்க மழைக்காலத்திலேயே வேலை செய்ய வேண்டியிருந்தது. உயரமான இடத்திலிருந்து கண்ணாடி வழியே நோக்கும் இவர்களைக் கண்டு, தம் இல்லத்து மகளிரை நோக்குகின்றனரோ என ஐயுற்று எதிர்த்த ஊரினரும் உண்டு. இத்தனை இடர்ப்பாடுகளுக்கு இடையே சென்னையிலிருந்து மேலைக் கடற்கரை வரை முக்கோணங்கள் பின்னப்பட்டன. அதன் விளைவாக, 400 மைல் அகலம் உடையதாக முன்பு கருதப்பட்ட தீபகற்பம், அவ்விடத்தில் 360 மைல் அகலமே உடையது எனத் தெரிந்தது. பழைய படங்களில் இருந்த 40 மைல் நிலம் வெறும் கற்பனையே என்பது விளங்கிற்று. லாம்டனை எள்ளியவர்கள் வாயடைத்துப் போயினர்.

கொங்குநாட்டில் லாம்டன்

இதன்பின் லாம்டன் தம் வாழ்வின் பெரும்பணியில் இறங்கினார். குமரிமுனைப் பகுதியிலிருந்து வடக்கு நோக்கி ஒரே தீர்க்கரேகையை ஒட்டி நிலத்தை அளந்து செல்வதே அப்பணி. இதனால் பூமியின் வடிவத்தை அறியலாம். பூமி முழு உருண்டையன்று. வடதுருவத்திலும் தென்துருவத்திலும் சற்றுத் தட்டையானது. வளைவு குறைந்த இடத்தில் ஒரு பாகையைக் கடக்க மிகுதியான தொலைவு செல்ல வேண்டும். ஆகவே, ஒரு பாகையின் நீளம் நிலநடுக்கோட்டிற்கு அருகில் குறைவாகவும் துருவங்களுக்கு அருகில் மிகுதியாகவும் இருக்கும். நிலநடுக்கோட்டில் அது 110.6 கிலோமீட்டர், துருவத்தில் 111.7 கிலோமீட்டர். இவ்வுண்மையைச் சோதிக்கப் பிரெஞ்சு அறிஞர்கள் 1735 ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவிற்கும், 1736 ஆம் ஆண்டில் பனி மூடிய லாப்லாந்து நாட்டிற்கும் சென்றனர். எனினும், வெப்ப மண்டலத்தில் நீண்டதோர் அளவு கிடைத்தாலன்றிப் பூமியின் தட்டை எவ்வளவு என்பதைத் திருத்தமாகக் கூற இயலாது. அவ்வளவை அளிக்கும் வாய்ப்பு தென்னிந்தியாவிற்குக் கிட்டிற்று. துருவப் பனிவெளியின் இயல்பைத் தமிழகத்து வயல்வெளியில் நின்று அளந்த விந்தை இதுவேயாகும்.

பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கி வந்த லாம்டன், 1806 ஆம் ஆண்டளவில் கோயம்புத்தூர்ச் சீமையில் பணியாற்றினார். அங்கும் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. அப்பகுதியில் ஓர் ஊரருகே நின்று, உச்சிவானைக் கடந்து செல்லும் விண்மீன்களை இரவுதோறும் நோக்கி, அவ்விடத்தின் அட்சரேகை 11 பாகைக்குச் சற்றே குறைவானது எனக் கண்டார். அவ்வூரின் பெயர் அவருடைய ஆங்கிலக் குறிப்புகளில் புட்சபாலியம் என உருமாறி எழுதப்பட்டது. பாளையம் என முடியும் கொங்குநாட்டு ஊர்ப்பெயர் அயலார் நாவில் எவ்வாறு திரிந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று. அவ்வூரும் குமரிமுனைக்கு அணித்தான மற்றோர் இடமும் இரு முனைகளாக அமைந்த அளவு, பூமியின் வடிவத்தை ஆராய்ந்த அறிஞர்களின் கணக்குகளில் இடம் பெற்றது. மேற்கே நீலநிறமாகத் தோன்றும் மலைவரிசையில் அவர் பெயரை ஆங்கிலேயர் பொறித்ததும் இத்தொடர்பினால் எழுந்த சிறப்பேயாகும்.

தஞ்சையில் நேர்ந்த இடர்

காவிரி பாயும் சோழவளநாட்டில் மலைகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆதலால், கோயிற் கோபுரங்களையே குன்றுகளாகக் கொண்டு அளக்க வேண்டியதாயிற்று. 1808 ஆம் ஆண்டில் தஞ்சையில் ஓர் உயர்ந்த கோபுரத்தின்மீது பெருங்கருவியைக் கயிறு கட்டி ஏற்றிக் கொண்டிருந்தபோது, கயிறு ஒன்று அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதன் வட்டத் தகடு வளைந்து உருக்குலைந்தது. வேறொருவராயின் உளமுடைந்து பணியை விட்டிருப்பர். புதுக்கருவி வேண்டுமாயின் இலண்டனுக்கு எழுதி ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும்.

லாம்டன் யாரையும் கடிந்து கொண்டு காலத்தைக் கழிக்கவில்லை. சிதைந்த கருவியுடன் ஒரு கூடாரத்தினுள் புகுந்தார். கைத்தொழில் வல்லார் சிலரை அன்றி வேறெவரையும் உள்ளே விடவில்லை. ஆறு வாரக் காலம், ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, மயிரிழை மயிரிழையாக இழுத்து அத்தகட்டைப் பழைய வடிவத்திற்குக் கொண்டுவந்தார். அதே கருவி அதன்பின்னும் பல ஆண்டுகள் பயன்பட்டது. இடையூறு நேர்ந்தபோது ஒருவர் என்ன செய்கிறார் என்பதே அவருடைய பெருமையை அளக்கும் அளவுகோல் ஆகும்.

வடதிசைப் பயணம்

1809 ஆம் ஆண்டில் தென்கோடிவரை அளவு நிறைவுற்றது. பின்னர் லாம்டன் வடக்கு நோக்கித் திரும்பினார். கிருட்டிணை ஆற்றின் பகுதியைக் கடந்து ஐதராபாத்து வரை முக்கோணங்கள் சென்றன. ஏறத்தாழ பத்துப் பாகை நீளமுள்ள அளவு இவ்வாறு கிடைத்தது. அவருடைய ஆய்வின் சிறப்பை முதலில் உணர்ந்து பாராட்டியவர்களுள் பிரெஞ்சு அறிஞர்களும் அடங்குவர். இலண்டன் அரச கழகமும் 1817 ஆம் ஆண்டில் அவரை உறுப்பினராக ஏற்றுக் கொண்டது. மறு ஆண்டில் அவருடைய பணி, இந்தியப் பெரு முக்கோண அளவை என்னும் பெயர் பெற்று இந்தியத் தலைமை ஆளுநரின் நேர்ப்பார்வைக்கு மாற்றப்பட்டது.

அவ்வாண்டிலேயே ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞர் அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார். முதுமையால் தளர்ந்திருந்த லாம்டன், பெருங்கருவியைச் சரிசெய்ய எழுந்த பொழுது மட்டும் தம் முதுமையை உதறிவிட்டு இளைஞராகவே தோன்றினார் என்பதை அவர் கண்டார். 1819 ஆம் ஆண்டில் எவரெஸ்ட் தலைமையில் காட்டுப் பகுதிக்குச் சென்ற குழுவினர் கொடிய காய்ச்சலுக்கு இரையாயினர். பலர் மாண்டனர். மாண்டவர்களின் பெயர்களை எந்த மலையும் தாங்கவில்லை.

1823 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20 ஆம் நாள், ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குச் செல்லும் வழியில், இங்கன்காட்டு என்னும் ஊரில் லாம்டன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ எழுபது அகவை. மாளிகையில் அன்றி, வழிப்பயணத்திலேயே அவருடைய வாழ்வு முடிந்தது. அவருடைய கல்லறை அவ்வூரிலேயே உள்ளது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அளந்த பரப்பு ஒன்றரை இலட்சம் சதுர மைலுக்கும் மிகுதியாகும்.

மலைமுடியின் பெயர்

லாம்டன் விட்ட இடத்திலிருந்து எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். கடுமையான ஒழுங்கும் அயராத உழைப்பும் உடைய அவர், 1841 ஆம் ஆண்டில் இமயத்தின் அடிவாரம்வரை தீர்க்கரேகை அளவை நிறைவு செய்தார். குமரியையும் இமயத்தையும் இணைத்த அம்முக்கோணக் கோவையின் நீளம் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். 1843 ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார்.

அவருக்குப்பின் தலைமை ஏற்ற ஆண்ட்ரு வா என்பவரின் காலத்தில், இமயமலையின் முடிகள் சமவெளியிலிருந்தே நோக்கி அளக்கப்பட்டன. நேபாளமும் திபெத்தும் அயலாரை உள்ளே விடாத காலம் அது. நூறு மைலுக்கும் அப்பாலிருந்து நோக்கப்பட்ட முடிகளுக்கு எண்கள் இடப்பட்டன. அவற்றுள் பதினைந்தாம் எண்ணுடைய முடியே யாவற்றினும் உயர்ந்தது எனக் கணக்கீடுகளால் தெரிய வந்தது. அக்கணக்கீட்டுப் பணியில் பெரும்பங்கு கொண்டவர் ராதாநாத் சிக்தர் என்னும் வங்காள அறிஞர். அவர் 1813 ஆம் ஆண்டில் பிறந்து, பத்தொன்பது அகவை நிரம்புமுன்னரே அளவைத் துறையில் கணக்கராகச் சேர்ந்து, தலைமைக் கணக்கராக உயர்ந்தவர். 1856 ஆம் ஆண்டில் அம்முடியின் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டில் நேபாளமும் சீனமும் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர் ஆகும். செயற்கைக் கோள்களின் துணைகொண்டு கண்ட இவ்வளவுக்கும் அன்றைய அளவுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ முப்பது அடியே. பரங்கிமலையின் அருகே மரப்பெட்டியில் சங்கிலியைக் கிடத்தித் தொடங்கிய மரபு எத்துணைத் திருத்தமானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அம்முடிக்கு எவரெஸ்டின் பெயரைச் சூட்டுமாறு ஆண்ட்ரு வா பரிந்துரைத்தார். உள்ளூரில் வழங்கும் பெயர்களையே நிலப்படத்தில் எழுதுதல் வேண்டும் என்பது எவரெஸ்ட் கைக்கொண்ட நெறி. தம் பெயரை இந்நாட்டு மொழிகளில் எழுதுவதும் இந்நாட்டு மக்கள் ஒலிப்பதும் அரிது எனக் கூறி அவரே தடை எழுப்பினார். ஆயினும், இலண்டன் அரச நிலவியல் கழகம் 1865 ஆம் ஆண்டில் அப்பெயரை ஏற்றுக் கொண்டது. அடுத்த ஆண்டில் எவரெஸ்ட் காலமானார். அவர் தம் பெயரை ஈவ்ரெஸ்ட் என ஒலித்தாராம். இன்று உலகம் முழுவதும் அதனை வேறு வகையாகவே ஒலிக்கிறது.

உண்மையில் அம்முடி பெயரற்றதாக இருந்ததில்லை. திபெத்திய மக்கள் அதனைச் சோமோலுங்மா என அழைத்தனர். 1733 ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நிலவியலார் ஒருவர் வரைந்த படத்தில் அப்பெயர் திரிந்த வடிவில் இடம் பெற்றிருந்தது. நேபாள மக்கள் இன்று அதனைச் சாகர்மாதா என்பர்.

மனிதர் குடியிருப்பே இல்லாத தென்துருவப் பெருநிலத்தின் நிலை வேறு. அங்கு உயர்ந்து நிற்கும் வின்சன் முடியின் உயரம் 4,892 மீட்டர். 1958 ஆம் ஆண்டில் வானூர்தியிலிருந்து காணப்பட்ட அதற்குத் துருவ ஆராய்ச்சிக்கு ஆதரவளித்த அமெரிக்க அரசியலார் ஒருவரின் பெயர் இடப்பட்டது. பனிப்பாலையில் முன்னரே பெயரிட்டு வாழ்ந்த மக்கள் எவரும் இலர். ஆதலால் அங்குப் புதுப்பெயர் எவருடைய பெயரையும் அழிப்பதில்லை. மக்கள் வாழும் மலைகளுக்கோ அவர்கள் இட்ட பெயர்கள் உண்டு. அப்பெயர்களைக் கேட்டறிந்து எழுதுவதும் நில அளவையின் ஒரு பகுதியேயாகும்.

முடிவுரை

மாணவர்களே! பெயரை வைத்துப் பெருமையை அளத்தல் பிழையாகும். எவரெஸ்ட் கேளாமலே உலகின் உச்சிமுடி அவருக்குக் கிடைத்தது. அம்முடிக்கு அடித்தளம் இட்ட லாம்டனுக்குக் கொங்குநாட்டில் ஒரு சிறு மலைமுடியே கிடைத்தது. கணக்கிட்ட சிக்தருக்கு மலை எதுவும் கிடைக்கவில்லை. 2004 ஆம் ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட அஞ்சல் தலை ஒன்றே கிடைத்தது. அரை டன் எடையுள்ள கருவியை மலைதோறும் சுமந்து ஏற்றிய தமிழகத்துத் தொழிலாளர்க்கு அதுவும் இல்லை. ஆயினும், இவர்களுள் ஒருவர் தம் கடமையில் தவறியிருப்பினும் அம்முக்கோணக் கோவை அறுந்திருக்கும்.

கம்பெனியாரின் ஆட்சி மறைந்தது. அவர்கள் படைநடத்தப் பயன்படுத்திய படங்களும் பழம்பொருளாயின. ஆனால், ஒற்றைக் கண்ணுடன் வானையும் மண்ணையும் நோக்கி லாம்டன் கண்டறிந்த உண்மை நிலைத்து நிற்கிறது. உண்மையைத் தேடுபவர் பெயரைத் தேடுவதில்லை. தம் அளவில் பிழை நேர்ந்துவிடலாகாது என்னும் கவலையே அவர்களுக்கு மிகுதி.

இனி, பெரியநாயக்கன்பாளையத்தின் வழியே செல்லும் பொழுது மேற்கே ஒருமுறை நோக்குங்கள். அங்கு எழுந்து நிற்பது முதற்கண் நம் முன்னோர் அழைத்த பாலமலையும் குருடிமலையும் ஆகும். அவற்றின்மீது படர்ந்த ஓர் ஆங்கிலப் பெயர், அடிக்கோட்டைப் பிழையின்றி அளந்தால்தான் உச்சியைப் பிழையின்றி அளக்க இயலும் என்பதை நமக்கு நினைவூட்டட்டும். வாழ்க்கைக்கும் அதுவே முறையாகும்.